கழுதை மூக்கில் சீழா? கவனியுங்க!

பொதி கழுதை, வண்டிக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளாண்டர்ஸ் என்று ஒரு பாக்டீரியா நோய். 2006-ல் மகாராஷ்டிரத்தில் மறுபடி தலைகாட்டி, பிறகு வடமாநிலங்கள் பலவற்றிலும் பரவியது. மூக்கில் மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் சீழ் வடியும். பின்னங்காலில் முடிச்சு முடிச்சாகக் கட்டி கிளம்பி உடையும். சிவகாசிப் பக்கம் இதைத் தூசிச் சளி என்று விட்டுவிடாதீங்க.

கழுதைக்கு வந்தால் சில வாரங்களிலேயே முடித்துவிடும். குதிரை அப்படியில்லை, மாதக்கணக்கில் தின்றுகொண்டு, வண்டியும் இழுத்துக்கொண்டு, ஒரே தொட்டித் தண்ணீர் வழியாக மற்றதுக்கும் கொடுத்துவிடும். அதனால்தான் ஒன்றுக்கு வந்தால், கூட இருந்த அத்தனைக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். ஹரியானாவில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் சோதித்து உறுதி சொல்லும்.

தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் சட்டப்படி வலியில்லாமல் கொன்று, ஆழக் குழியில் புதைப்பார்கள். பிழைப்பு போகுதேன்னு மனசு கேட்காதுதான். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. ராவோடு ராவாகச் சந்தைக்கு ஓட்டிவிட்டால் இழப்பீடும் இல்லை, நோயும் அடுத்த ஊருக்குப் போகும். மனுசருக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்து. எங்கே வாங்கினது, எதனோடு கட்டினது என்பதை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்க. அந்தத் தடம் பிடித்துத்தான் நோயைத் தேடிப் போவார்கள்.