மரத்தடியில் நிற்கும் பிள்ளையின் கூலி

பிரிட்டனில் ஒரு வீட்டுத் தோட்டத்து ஓக் மரத்தின் காய்ந்த கிளை கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டால் ‘ட்ரீ சர்ஜன்’களைக் கூப்பிடுவார்கள். ஒரு லாரி வரும். அதன் பின்னால் கிளைகளை அரைத்துத் தள்ளும் சிப்பர் எந்திரம் வரும். மூன்று பேர் இறங்குவார்கள். ஒருவர் இடுப்பில் ஹார்னஸ் கட்டிக்கொண்டு கயிற்றில் ஏறுவார், மற்றவர்கள் கீழே நிற்பார்கள். கீழே நிற்பவர்களில் ஒருவராவது பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்து ஓரிரு வருடங்களே ஆன பிள்ளையாக இருப்பார். தொழிலில் அவரைக் ‘கிரவுண்டி’ என்பார்கள். இந்தக் கட்டுரை அவருடைய கூலியைப் பற்றியது.

வெட்டி விழும் கிளைகளை இழுத்துக்கொண்டு போய்ச் சிப்பரில் ஊட்டுவது அவர் வேலை. மேலே இருப்பவருக்குக் கயிற்றில் ரம்பம் கட்டி அனுப்ப வேண்டும், பெரிய கட்டைகளைக் கயிற்றுப் பிடியில் மெதுவாக இறக்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் கீழே வந்து நின்றுவிடாமல் பார்க்க வேண்டும். மாலையில் தூளைக் கொட்டிவிட்டு, ரம்பப் பல்லைத் தீட்டி, எண்ணெய் நிரப்பி வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை பிடிக்காத, மரத்தையும் வெளிக்காற்றையும் விரும்புகிற பிள்ளைகள்தான் இங்கே வருகிறார்கள். ‘நாளைக்கு நீயும் மேலே ஏறலாம்’ என்ற ஒரு சொல்லுக்காக எதையும் தாங்கிக்கொள்வார்கள். அந்த ஆசையைக் காட்டியே அவர்கள் கூலியில் கைவைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். நன்றாக நடத்துகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ட்ரீ சர்ஜன் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள அந்த நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை. லாரியும் ரம்பமும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். கூலிச் சட்டம் தெரியாமலேயே, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாமல், ஆள் வைத்துக்கொள்கிறவர்கள் இதனால் உண்டாகிறார்கள்.

சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 12.71 பவுண்டு. 18 முதல் 20 வரை 10.85 பவுண்டு. 18 வயது ஆகாதவர்களுக்கும், தொழிற்பழகுநர்களில் ஒரு பகுதியினருக்கும் 8 பவுண்டு. ஒரே கிளையை இழுக்கும் இருவருக்கு வயதைப் பார்த்து இரண்டு கூலி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. அந்தக் குறைந்த தொகைகூடக் கைக்கு வந்து சேராமல் போவதுதான் இன்னும் பெரிய அநியாயம்.

எப்படிக் குறைகிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 19 வயதுப் பிள்ளை ஒருவருக்கு நாளைக்கு 85 பவுண்டு பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சைட்டில் எட்டு மணிக்கு ஆரம்பித்து நான்கு மணிக்கு முடிக்கிறோம், சாப்பாட்டு நேரம் அரை மணி போக ஏழரை மணி நேரம், மணிக்கு 11 பவுண்டுக்கு மேல் வருகிறதே’ என்பார் முதலாளி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை காலை ஏழு மணிக்கே முதலாளியின் யார்டுக்கு, அதாவது லாரியும் சாமானும் வைக்கும் இடத்துக்கு, வந்து லாரியில் சாமான் ஏற்றியிருக்கிறார். மாலையில் தூளைக் கொட்டி, ரம்பம் தீட்டி, யார்டை விட்டுக் கிளம்பும்போது மணி ஐந்து. உண்மையில் அவர் உழைத்தது ஒன்பதரை மணி நேரம். 85-ஐ 9.5-ஆல் வகுத்தால் மணிக்கு 8.95 பவுண்டு. சட்டப்படி அந்த நாளுக்குச் சேர வேண்டியது 103 பவுண்டு. நாளொன்றுக்கு 18 பவுண்டு, வாரத்துக்குச் சுமார் 90 பவுண்டு அவர் கையிலிருந்து போகிறது. யாரும் திருடியதாகவே தெரியாது. (குறைந்தபட்சக் கூலி எட்டியதா என்று தனித்தனி நாளுக்குப் பார்ப்பதில்லை, வாரமோ மாதமோ அந்தச் சம்பளக் காலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். தினமும் இதே கதை என்றால் விடை மாறாது.)

வீட்டிலிருந்து யார்டுக்கு வரும் நேரம் கணக்கில் சேராது. யார்டில் ஆஜராகி வேலை தொடங்கிய பிறகு, அங்கிருந்து சைட்டுக்கும், ஒரு சைட்டிலிருந்து அடுத்ததற்கும் போகும் நேரம் சேரும். லாரியில் பின் சீட்டில் உட்கார்ந்து தூங்கினாலும் சேரும். ஆனால் லாரி பிள்ளையின் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு நேராகச் சைட்டுக்குப் போனால் விஷயம் வேறு. பண்ணை வேலைக்கு மினிபஸ்ஸில் நெடுந்தூரம் போன தொழிலாளர்களின் வழக்கில், அந்தப் பயண நேரத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குரிய வேலை நேரமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் நாள் எங்கே, எப்போது தொடங்குகிறது என்பதை முதல் வாரத்திலேயே தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை நேரம், கூலி, விடுப்பு எல்லாவற்றையும் எழுதிய தாளை முதல் நாளே தர வேண்டும் என்பது 2020 ஏப்ரல் முதல் சட்டம்.

தொழிற்பழகுநர் கூலியிலும் ஒரு சிக்கல் உண்டு. 8 பவுண்டு என்ற அந்த விகிதம் 19 வயது ஆகாத பழகுநர்களுக்கும், 19-ஐத் தாண்டியிருந்தால் பழகுநர் பயிற்சியின் முதல் வருடத்துக்கும் மட்டுமே பொருந்தும். இருபது வயதுப் பிள்ளை இரண்டாம் வருடத்தில் கால் வைத்த அன்றே அவர் வயதுக்கு உரிய கூலி வந்தாக வேண்டும். பல முதலாளிகளுக்கு இது ‘மறந்து’ போகும். கல்லூரிக்குப் போகும் நாளும் சம்பள நாள்தான். ‘கற்றுக்கொடுக்கிறேன், அதனால் குறைவாகத் தருகிறேன்’ என்று வாயால் சொல்லிவிட்டால் ஒருவர் பழகுநர் ஆகிவிட மாட்டார். முறையான ஒப்பந்தமும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

இதைவிடக் கேடான வழக்கம் ஒன்று இருக்கிறது. ‘நீ சுயதொழில் செய்கிறவன், வரி எண் ஒன்று எடுத்துக்கொண்டு வா, நாள் முடிந்ததும் பில் கொடு’ என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது. இதற்குத் தலையாட்டினால் சம்பளத்தோடு கூடிய விடுப்பு போயிற்று, நோய்க்கால ஊதியம் போயிற்று, குறைந்தபட்சக் கூலியும் போயிற்று என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறார். சொந்தக் கயிறும் ரம்பமும் வைத்துக்கொண்டு, இன்று இவரிடம் நாளை அவரிடம் என்று தன் விலையைத் தானே சொல்லிப் போகும் அனுபவமுள்ள ஏறுபவர்கள் உண்டு. அவர்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்கிறவர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. தினமும் ஒரே முதலாளியிடம், அவர் சொன்ன நேரத்துக்கு வந்து, அவர் லாரியில் ஏறி, அவர் சிப்பரில் கிளை ஊட்டும் பிள்ளை எந்த விதத்தில் தனித் தொழில் நடத்துகிறார்? காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 2021-இல் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அவர்களைத் தொழிலாளர்கள் என்றே தீர்ப்பளித்தது. 1998-ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் துணைக்கு இருக்கிறது. வழக்கு என்று வந்தால், இவருக்குக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, பிள்ளையுடையது அல்ல.

இந்தத் தொழிலில் கூலியையும் உயிரையும் தனித்தனியாகப் பேச முடியாது. செயின்சா தடுக்கும் கால்சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், காதுக் கவசம் எல்லாம் சேர்ந்தால் பல நூறு பவுண்டு ஆகும். இவற்றை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டு விதி. 2022 ஏப்ரலில் அது நிரந்தரமில்லாத தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அப்படியிருக்க, ‘உன் பூட்ஸை நீயே வாங்கிக்கொள்’ என்றோ, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறேன் என்றோ சொன்னால் நடப்பது என்ன? கையில் காசில்லாத பிள்ளை பழைய பூட்ஸிலேயே காலத்தை ஓட்டுவார், அல்லது நண்பனிடமிருந்து கிழிந்த கால்சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வார். தொடையில் ரம்பம் பட்டால் தைக்கப் போவது அவரைத்தான். ஏறும் கயிறும் ஹார்னஸும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரால் பரிசோதிக்கப்பட்டு, எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டுங்கள் என்று ஹார்னஸை மாட்டுகிற யாரும் கேட்கலாம்.

ஒருவர் மேலே ஏறியிருக்கும்போது கீழே குறைந்தது இன்னொருவர் இருக்க வேண்டும். கீழே இருப்பவர்களில் ஒருவருக்காவது, மேலே ஏறி அடிபட்டவரை இறக்கும் பயிற்சியும் அதற்கான சாமான்களும் இருந்தாக வேண்டும். இரண்டே பேர் வந்திருக்கிறார்கள், கீழே நிற்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த, ஏறத் தெரியாத பிள்ளை என்றால், மேலே இருப்பவர் நினைவிழந்து தொங்கும்போது அந்தப் பிள்ளை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. பயிற்சிக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடித்த பணத்தின் விலை அது. ஆஷ் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 2012-இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்டபின், எங்கு பார்த்தாலும் பட்டுப்போன ஆஷ் மரங்களை வெட்டும் வேலை பெருகிவிட்டது. நோய்ப்பட்ட ஆஷ் எந்தக் கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாத மரம். நாள் கூலிக்குப் பேசி, ‘இன்றைக்குள் மூன்று மரம்’ என்று விரட்டினால் அங்கே யார் நிதானமாக வேலை செய்ய முடியும்? உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி ஒருவர் விலகி நின்றால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1996-ஆம் வருடத்து வேலை உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் ஊழியர்களுக்கு மட்டும் இருந்த அந்தப் பாதுகாப்பு 2021 மே மாதக் கடைசியிலிருந்து மற்றத் தொழிலாளர்களுக்கும் கிடைத்திருக்கிறது.

பதினெட்டு ஆகாதவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. ஒரு நாளில் எட்டு மணி நேரம், ஒரு வாரத்தில் நாற்பது மணி நேரம், அவ்வளவுதான். பெரியவர்களைப் போல ‘எனக்குச் சம்மதம்’ என்று கையெழுத்துப் போட்டு வரம்பை நீக்க வழியில்லை. நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி ஓய்வு, ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேர இடைவெளி, வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. மேலே பார்த்த 19 வயதுப் பிள்ளைக்கு 17 வயது என்றால், பேசிய கூலி எவ்வளவாக இருந்தாலும் அந்த ஒன்பதரை மணி நாளே சட்டத்துக்கு வெளியே போய்விடும். அனுபவமின்மையால் ஆபத்தை உணர முடியாத வேலையில் அவர்களை விடக் கூடாது. பயிற்சிக்காக விட்டால் தகுதியுள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ரம்பத்தின் அதிர்வு விரல்களின் ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் மெல்ல மெல்லக் கெடுக்கும், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பதினேழில் ரம்பம் பிடித்தவருக்கு நாற்பதில் சட்டைப் பொத்தான் போடவே சிரமமாகிவிடலாம். இளையவரிடமே ரம்பத்தைத் தள்ளிவிடாமல் ஆள் மாற்றிக் கொடுப்பது இதனால்தான் முக்கியம்.

காற்று பலமாக அடித்தால் ஏற முடியாது. ‘இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ’ என்று அனுப்புவார்கள். ஒரு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஊழியருக்கு, இப்படி நாள் முழுக்க வேலை இல்லாமல் போனால், மூன்று மாதத்தில் ஐந்து நாள் வரை ஒரு சிறு தொகை சட்டப்படி கிடைக்கும். வருடத்துக்கு 5.6 வாரம், அதாவது வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு 28 நாள் ஊதியத்தோடு விடுப்பும் உண்டு. ‘நாள் கூலிக்குள்ளேயே விடுப்புப் பணமும் அடக்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்ப வேண்டாம். அப்படித் தருவது சில வகைத் தொழிலாளர்களுக்கே அனுமதி, அதையும் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டியிருக்க வேண்டும்.

அநியாயம் நடக்கிறது என்று தெரிந்தால் முதல் வேலை, நேரத்தை எழுதி வைப்பது. யார்டுக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், சைட் எது என்று தினமும் போனில் குறித்துக்கொண்டால் போதும். யார்டு வாசலில் எடுத்த ஒரு படத்தில் நேரம் பதிவாகியிருக்கும். தன் கூலிப் பதிவேட்டைக் காட்டும்படி முதலாளியிடம் எழுத்தில் கேட்கலாம், அவர் 14 நாளுக்குள் காட்ட வேண்டும். அகாஸ் என்ற பொது அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். தீர்ப்பாயத்துக்குப் போவதானாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். கெடு குறுகியது என்பதால் சம்பவம் நடந்து மூன்று மாதம் முடிவதற்குள் அகாஸிடம் போய்விடுவதே பாதுகாப்பு. அரசின் கூலி அமலாக்கப் பிரிவிடம் பெயர் வெளியே வராமல் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. பழைய பாக்கியை ஆறு வருடம் வரை பின்னோக்கித் தோண்டி வாங்கித் தரும் அதிகாரம் அதற்கு உண்டு. குறைந்தபட்சக் கூலி கேட்டதற்காகவே ஒரு ஊழியரை வேலையிலிருந்து நீக்கினால், வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் என்று பார்க்காமலே அதை நியாயமற்ற நீக்கமாகச் சட்டம் கருதும்.

மரம் வெட்ட ஆள் கூப்பிடும் வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு இருக்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் பழக்கம். பெட்ரோல் விலையும் சிப்பர் வாடகையும் மூவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைவாகச் சொன்னவர் எங்கே மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்தால் பெரும்பாலும் கிரவுண்டியின் கூலியிலோ பயிற்சியிலோ போய் நிற்கும். விலை பேசும்போதே, வருகிறவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களா, கீழே நிற்பவருக்கு மீட்புப் பயிற்சி இருக்கிறதா, ஊழியர் காப்பீட்டுச் சான்றிதழைக் காட்ட முடியுமா என்று கேட்கலாம். அந்தக் காப்பீடு 1969-ஆம் வருடத்துச் சட்டப்படி கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும். ஆர்பரிகல்ச்சுரல் அசோசியேஷன் என்ற தொழில் சங்கம், தான் சோதித்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. தேடத் தொடங்குவதற்கு அது நல்ல இடம்.