மங்கிலிருந்து புகைக்கூடம் வரை

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் ஆகிய வட்டாரங்களில் இன்று செம்பனை நிற்கும் நிலங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்றன. அத்தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டில் பெயர் கூப்பிடப்படும். உளியும் வாளியுமாகத் தொழிலாளர்கள் தங்கள் நிரைகளுக்கு விரைவர். வெயில் ஏறுவதற்குமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக வடியும்.

வடிந்த பாலுக்கும் அவசரம் உண்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மரத்தை விட்டு வெளிவந்ததும் நுண்ணுயிரிகள் அதில் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. காய்ச்சாமல் வைத்த பசும்பால் திரிவதுபோல, இதுவும் தானாகவே உறைந்துவிடும். ஆகவே, மங்கு எனப்படும் கோப்பைகளில் சேர்ந்த பாலை அன்றே எடுத்துச் செல்ல வேண்டும். பிந்திச் சொட்டி மங்கிலேயே உறைந்தது கட்டிப்பால். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால். இவையும் விலைபோகும், ஆனால் குறைவாகவே. இடையில் மழை கொட்டினால் மங்கு நிரம்பிப் பால் வழிந்தோடும். விடியலில் பட்ட பாடெல்லாம் அதோடு போய்விடும்.

பாலை நிறுத்தால் மட்டும் போதாது. தண்ணீர் கலந்த பாலும் கனக்குமல்லவா? எனவே, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் மிதக்கவிட்டு, இரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதை மதிப்பிடுவர்.

ஷீட் செய்யும் தோட்டங்களில், பாலில் நீர் சேர்த்து வடிகட்டி, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பர். தானாக உறைந்தால் கெடுதல். அளவாக உறைய வைத்தால் நல்ல சரக்கு. உறைந்த கட்டியை உருளைகளில் கொடுத்து நீரைப் பிழிந்தால், வரிவரியான வெள்ளை ஷீட் கிடைக்கும். அது புகைக்கூடத்தில் சில நாள் தொங்கும். வெப்பம் ஈரத்தைப் போக்குகிறது; விறகுப் புகையில் உள்ள பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன. வெப்பம் மிகுந்தால் ஷீட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் உள்ளே வெண்திட்டு தங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிவதே உயர்ந்த தரம். தேர்ந்த கண்ணுக்கு இதற்கு ஒரு நொடி போதும்.

காய்ந்த பிறகும் இரப்பர் மாறிக்கொண்டே இருக்கிறது. நேரடி வெயில் பட்டால் பிசுபிசுக்கும். கிடங்கில் பல மாதம் கிடந்தாலோ அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இறுகிய இரப்பரை மென்மையாக்க, டயர் செய்யும் ஆலைகள் அதை நெடுநேரம் பிசைய வேண்டும், மின்செலவும் கூடும்.

1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். என்னும் தர முறையைக் கொண்டுவந்தது. கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதற்குப் பதிலாக, அழுக்கு முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறை இது. அதில் சி.வி. என்றொரு வகை உண்டு. அதற்கு, இறுகலைத் தடுக்கும் வேதிப்பொருளைத் தயாரிப்பின்போதே சிறிதளவு சேர்த்துவிடுவர். கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்த பின்னரும் அது ஏறக்குறைய அதே மென்மையோடு இருக்கும்.