பெட்டிக்குள் ஒரு பாலைவனம்!

வேலிக் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும் ஓணானைப் பார்க்காத குட்டீஸ் இருக்க முடியாது. அந்த ஓணானுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவரும் வேலிக் கம்பத்தில்தான் உட்காருவார். அவரும் தலையை ஆட்டுவார். அதோடு, ஒரு முன்னங்காலைத் தூக்கி 'டாட்டா' காட்டுவதுபோல மெல்லச் சுழற்றவும் செய்வார்! கோபமோ பயமோ வந்தால், தொண்டைக்குக் கீழே முள் முள்ளாக இருக்கும் தோலை உப்ப வைத்துக் கன்னங்கரேலென்று ஆக்கிக்கொள்வார். பார்த்தால் தாடி வைத்த தாத்தா மாதிரியே இருக்கும். அதனால்தான் அவருக்குத் 'தாடி டிராகன்' என்று பெயர்.

டிராகன் என்றதும் நெருப்பைக் கக்குமோ என்று பயப்பட வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் 45 முதல் 60 செ.மீ. தான் இருக்கும். அதிலும் ஏறத்தாழ பாதி வால்! விஞ்ஞானிகள் இதை 'போகோனா விட்டிசெப்ஸ்' என்று அழைக்கிறார்கள். 'போகோன்' என்றால் கிரேக்க மொழியில் தாடி. நம் ஊர் ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்ற ஒரே குடும்பம்.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் நாய், பூனை வளர்ப்பதுபோல இதைப் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். சாதுவான பிராணி. கையில் எடுத்தால் கடிக்காமல் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதன் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவிலேயே நினைத்தபடி வளர்த்துவிட முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதை வளர்க்க அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக் கூடாது. ஊர்வனவற்றை வளர்க்கும் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அங்கே விதிமுறை உண்டு.

ஒரு ஓணானின் பெட்டிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

வெயிலுக்கும் நிழலுக்கும் நடை

நம் உடம்பின் வெப்பம் எப்போதும் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஊட்டிக்குப் போனாலும் சரி, வேலூர் வெயிலில் நின்றாலும் சரி. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு உடம்பே அதைப் பார்த்துக்கொள்கிறது. தாடி டிராகனுக்கு அந்த வசதி கிடையாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்துவிடும். குளிர்ந்துவிட்டால் தின்ற இரைகூடச் செரிக்காது.

அதனால் காலையில் எழுந்ததும் பாறை மேலேயோ கம்பத்தின் மேலேயோ ஏறி, உடம்பைத் தட்டையாக்கி, நிறத்தையும் கறுப்பாக்கிக்கொண்டு வெயில் காயும். கறுப்பு நிறம் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் அல்லவா? சூடு போதும் என்றதும் நிறம் வெளுக்கும். இன்னும் ஏறினால் வாயைத் திறந்து சூட்டை வெளியே விடும். அப்புறம் இறங்கிப் புதர் நிழலுக்குப் போய்விடும். வெயிலுக்கும் நிழலுக்கும் நடப்பதுதான் அதன் முக்கிய வேலையே!

இப்போது அதைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் வைத்தாயிற்று. எங்கே நடக்கும்? வெயிலையும் நிழலையும் நாம்தான் பெட்டிக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

வளர்ந்த ஒரு டிராகனுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள பெட்டியாவது வேண்டும். கடையில் வாங்கும்போது அது உள்ளங்கை அளவுதான் இருக்கும். "இத்துனூண்டு குட்டிக்கு இவ்வளவு பெரிய பெட்டியா!" என்று நினைத்துச் சின்னப் பெட்டியோடு வீட்டுக்கு வருபவர்கள்தான் அதிகம். ஒரே வருடத்தில் குட்டி ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். பெட்டி வளராதே!

பெட்டியின் ஒரு கோடியில், மேலே ஒரு சூடு பல்ப். அதற்குக் கீழே ஒரு தட்டைக் கல்லோ தடித்த மரக்கிளையோ வைப்பார்கள். அந்தக் கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி வரை சூடு இருக்க வேண்டும். மறு கோடியில் பல்ப் கிடையாது. அங்கே 24 முதல் 28 டிகிரி. நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட சூடு. எங்கே, எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை டிராகனே முடிவு செய்துகொள்ளும். பெட்டி முழுவதும் 40 டிகிரி என்றால் தப்பிக்க இடமில்லாமல் செத்துப்போகும். பெட்டி முழுவதும் 25 டிகிரி என்றால் தின்றது செரிக்காமல் மெல்ல நலிந்துபோகும்.

கையை நீட்டிப் பார்த்து, "ம்... சூடாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் போதாது. இரண்டு கோடியிலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் வேண்டும். சூடு எல்லை தாண்டாமல் பல்பைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட் என்ற கருவியும் உண்டு. பல்பைச் சுற்றிக் கம்பி வலை போடுவது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் தாவி ஏறி உடம்பைச் சுட்டுக்கொள்ளும்.

மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். வாங்கக் கூடாது! இயற்கையில் டிராகனுக்கு மேலே சூரியனிடமிருந்துதான் சூடு கிடைக்கிறது. வயிற்றுக்கு அடியில் அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் விலகிப்போக வேண்டும் என்று அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. வயிறு வெந்துபோகும்வரை அங்கேயே படுத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

இப்படி எல்லாம் செய்தும் ஒரு வீட்டில் நடக்கக்கூடியதைக் கற்பனை செய்து பாருங்கள். பெட்டி பெரிது. சூடு சரியாக இருக்கிறது. பல்ப் பளீரென்று எரிகிறது. குட்டியும் நன்றாகச் சாப்பிடுகிறது. சில மாதங்கள் போகின்றன. ஒரு நாள் அதன் விரல்கள் தானாகத் துடிக்கின்றன. பிறகு வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க முடியாமல் இழுத்து இழுத்துப் போகிறது. டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்க்கிறார். எலும்பு கெட்டியாக இல்லாமல் ரப்பர் மாதிரி வளைகிறது!

என்ன ஆயிற்று? அந்தப் பல்பின் வெளிச்சத்தில் ஒன்று இல்லை. சூரிய ஒளியில் இருக்கும் 'யு.வி.பி.' என்ற புறஊதாக் கதிர்!

அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் டிராகனின் உடம்பு வைட்டமின் டி3-ஐத் தேவையான அளவு தயாரிக்கும். அந்த வைட்டமின் இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள கால்சியம் உடம்பில் சேரும். சேராவிட்டால், தசையும் நரம்பும் வேலை செய்யத் தேவையான கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்க ஆரம்பிக்கும். சொந்த வீட்டுச் சுவரிலிருந்தே செங்கல்லை உருவி அடுப்புக் கட்டுவது மாதிரி! வேகமாக வளரும் குட்டிகளைத்தான் இது அதிகம் தாக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்டரால் நோயை நிறுத்த முடியும். ஆனால் வளைந்துபோன காலும் முதுகும் முழுவதுமாக நிமிர்வதில்லை.

இதைத் தடுக்கத்தான் யு.வி.பி. டியூப் லைட் என்று தனியாக ஒன்றைப் பெட்டியில் பொருத்துகிறார்கள். அதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. முதலாவது, சாதாரணக் கண்ணாடி யு.வி.பி. கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எனவே டியூபுக்கும் டிராகனுக்கும் நடுவில் கண்ணாடி இருக்கக் கூடாது. ஜன்னலோரம் பெட்டியை வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. கதிர் கிடைக்காததோடு, நேர் வெயிலில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகவே மாறிவிடும்!

இரண்டாவதுதான் பலரை ஏமாற்றுவது. அந்த டியூபில் பல மாதங்கள் கழித்து யு.வி.பி. குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுப்படி, பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில், எரிந்துகொண்டிருக்கும் டியூபைக் கழற்றிவிட்டுப் புதியது போட வேண்டும். மாட்டிய தேதியை டியூப் மேலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்ல யோசனை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அதற்கும் தூக்கம் வேண்டுமே!

மூன்றாவது கண்!

தாடி டிராகனின் உச்சந்தலையில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுவும் ஒரு வகைக் கண்தான். நம்மைப்போல உருவங்களைப் பார்க்காது. வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும். வானத்திலிருந்து பருந்து இறங்கினால் நிழல் விழும். உடனே ஓடி ஒளிய வேண்டும். மேலே திறக்கும் பெட்டிக்குள் நாம் கையை விடும்போதும் அதே நிழல்தான் விழுகிறது! பாவம், தினமும் சாப்பாட்டு வேளையில் பருந்தைப் பார்த்து நடுங்கும். அதனால்தான் முன்பக்கம் கதவு உள்ள பெட்டி நல்லது என்கிறார்கள். ஒளிந்துகொள்ள ஒரு பொந்தும், ஏற ஒரு கிளையும் வைத்துவிட்டால் அதற்கு நிம்மதி.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? வேண்டாம். இது தனியாக இருக்கப் பிறந்த பிராணி. இரண்டைச் சேர்த்து வைத்தால் சண்டைதான். குட்டிகள் ஒன்றின் விரலையும் வாலையும் இன்னொன்று கடித்துவிடும். பல்லிக்கு வால் போனால் திரும்ப முளைக்கும். தாடி டிராகனுக்கு முளைக்காது.

தரையில் மணல் போட்டால்தானே பாலைவனம் என்று தோன்றும். ஆனால் குட்டிகள் இரையோடு சேர்த்து மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். அதனால் செய்தித்தாளோ சொரசொரப்பான டைல்ஸோ போதும். படித்து முடித்த பேப்பருக்கு இப்படியும் ஒரு மரியாதை!

சாப்பாடு சுவர்க்கோழி, வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளும் கீரை வகைகளும். பூச்சியின் அளவு, டிராகனின் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது கணக்கு. வீட்டுக்குள் பறந்து வரும் மின்மினிப்பூச்சி மட்டும் அதன் வாயில் சிக்கிவிடக் கூடாது. சில வகை மின்மினிகளின் உடம்பில் இருக்கும் விஷம், ஒன்றே ஒன்றைத் தின்றாலும் டிராகனைக் கொன்றுவிடும்.

பாதுகாப்பு டிராகனுக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கும்தான். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் டிராகனின் குடலிலும் 'சால்மோனெல்லா' என்ற பாக்டீரியா இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது. நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை தாடி டிராகன்களிடமிருந்து இப்படிப் பரவிய நோயில் 150-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதும் அதற்குக் குறைவும் ஆன குழந்தைகள். எனவே தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது. பெட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் குட்டித் தம்பி, தங்கை இருந்தால் தூர இருந்து பார்ப்பதோடு சரி.

பல்ப், டியூப், தெர்மோஸ்டாட், மாதா மாதம் கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் கூட்டினால், டிராகனின் விலையைவிட அதன் வீட்டுச் செலவுதான் அதிகம். அதுவும் ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகள்வரைகூட வாழும். ஐந்தாம் வகுப்பில் வாங்கியவர் கல்லூரி முடிக்கும்போதும் அது கல் மேல் உட்கார்ந்திருக்கும்!

பெட்டி சரியாக இருக்கிறதா என்பதை டிராகனே சொல்லிவிடும். நாள் முழுக்கப் பல்புக்கு அடியிலேயே கறுத்துப்போய்ப் படுத்திருந்தால், சூடு போதவில்லை. குளிர்ந்த மூலையைவிட்டு நகராமல், அங்கேயும் வாயைப் பிளந்துகொண்டிருந்தால், சூடு அதிகம். காலையில் கல்லின் மேல் ஏறி, கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, கீரையைக் கடித்துவிட்டு, நிழலில் படுத்து, மறுபடியும் கல்லுக்குப் போகிறதா? அப்படியானால், தன் ஆஸ்திரேலியப் பாறை மேல் செய்வதையே இங்கேயும் செய்துகொண்டிருக்கிறது.