குதிகால் வெடிப்பை அலட்சியம் செய்யாதீர்!

கோயில் திருவிழாவுக்குப் பட்டுச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து வரும் நம் தாய்மார்களில் பலர், தரையில் அமர்ந்ததும் முதலில் செய்யும் வேலை என்ன தெரியுமா? சேலையை இழுத்துக் குதிகாலை மூடிக்கொள்வதுதான்! பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நடந்து நடந்து வெடித்த கால்கள் அவை. அந்தக் கால்களின் உழைப்பில்தான் பிள்ளைகள் படித்து ஆளானார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், மூடி மறைப்பதால் வெடிப்பு ஆறிவிடாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் காலையே இழக்கும் நிலை வரலாம்.

‘பித்த வெடிப்பு’ என்று சொல்கிறோமே தவிர, இதற்கும் பித்தத்துக்கும் சம்பந்தமில்லை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. ஆகவே அங்குள்ள தோல் சீக்கிரம் காய்ந்து தடித்துவிடும். நாள் முழுதும் நிற்கும்போது உடல் பாரம் குதிகாலை அழுத்திப் பக்கவாட்டில் பிதுக்குகிறது. காய்ந்த தோல் அந்த இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடுகிறது. பின்பக்கம் திறந்த சிலிப்பரில் இந்தப் பிதுக்கம் அதிகம். பூட்ஸுக்குள் வியர்வையில் ஊறிய கால் பிறகு காய்வதும் ஒரு காரணம்.

இதற்குச் செலவு அதிகமில்லை. இரவில் 10 நிமிடம் கால்களை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். நன்றாகத் துடைத்தபின் குதிகாலில் வாசலின் தடவி, பருத்திக் காலுறை அணிந்து படுங்கள். விரல் இடுக்கில் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெடிப்பு ஆழமாக இருந்தால் மருந்துக் கடையில் யூரியா கலந்த களிம்பு கேளுங்கள். யூரியா என்றதும் தோட்டத்து உரச் சாக்கை நினைத்துவிடாதீர்கள்! உரம் காலில் பூசும் பொருளல்ல. பிளேடால் சீவுவதும், மெழுகை உருக்கி ஊற்றுவதும் கூடவே கூடாது.

இனிப்புநீர் வியாதி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவ்வியாதி இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். அப்போது வியாதி இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை! இவ்வியாதி முற்றினால் காலில் உணர்ச்சி மங்கும். முள் குத்தினாலும் தெரியாது. வெடிப்பு வழியே கிருமி நுழைந்து, புண் ஆறாமல், காலை எடுக்கும் நிலையும் வரும். ஆகவே இவர்கள் காலை ஊற வைக்கவோ கல்லால் தேய்க்கவோ வேண்டாம். கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். தினமும் இரவில் கண்ணாடி வைத்தோ, பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லியோ உள்ளங்காலைச் சோதிக்க வேண்டும். சிவப்பு, வீக்கம், சீழ், துர்நாற்றம் எது கண்டாலும் அன்றே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

இனி, காலணிக்கு வருவோம். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா? ஆனாலும் மலிவு விலைக்கும் பளபளப்புக்கும் மயங்கி, கடிக்கும் செருப்பை வாங்கி வருகிறோம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது வாங்குவதே நல்லது. இரண்டு காலிலும் போட்டு, நின்று, நடந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் அகலமாக, குதி உயரம் ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல், பின்பக்கம் மூடியதாக இருந்தால் நலம். உயர்ந்த குதி, பாரத்தை முன்பாதத்தில் தள்ளும். தேய்ந்த சிலிப்பரோ குதிகாலுக்கு மெத்தையாக இராது.

கடைக்கு வர முடியாத பாட்டிக்கு வாங்குவதானால், அவரைக் காகிதத்தின்மேல் நிற்க வைத்துப் பாதத்தை வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள். காலணிக்குள் அந்தக் காகிதம் மடங்கினால் அது வேண்டாம்.

வேலை பூட்ஸைக் காலுறையுடன் அளவு பார்த்து வாங்கி, தினமும் கவிழ்த்துக் காய வைத்து, போடுமுன் உதறுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். மூன்று வாரம் கவனித்தும் வெடிப்பு ஆறவில்லையென்றால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் காலணியைக் கழற்றிக் காலைக் காட்டிவிட்டு வாருங்கள்.