நீலத் துளை எங்கே போச்சு?

பெங்களூரின் லிங்கராஜபுரம் மேம்பாலத்தை விட்டு இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், பரண் மேல் ஒரு ஷூ டப்பா நிறைய கேசட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றாவது தட்டுப்படும். அதில் இருக்கிற சினிமாப் பாட்டுகளைப் பற்றிக் கவலையில்லை. தேடினால் கிடைத்துவிடும். உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத கேசட்டுகள்தான் விஷயமே. வளைகுடாவில் வேலை பார்த்தபோது அப்பா கடுதாசிக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, சர்ச் கொயர் கிறிஸ்துமஸுக்குப் பாடியது, அம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும், தூங்காத பேரனுக்காகப் பாட்டி பாடிய தாலாட்டு.

பிள்ளைகள் வேலைக்குப் போய், வீட்டில் ஆளுக்கொரு லேப்டாப் வந்த பிறகுதான் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்ற யோசனை வருகிறது. டேப் ரெக்கார்டரை எப்படியோ ரிப்பேர் பண்ணிவிடுகிறார்கள். ஒயரையும் வாங்கிவிடுகிறார்கள். அதைச் செருக இடமில்லை.

பழைய டெஸ்க்டாப்பின் முதுகில் மூன்று துளைகள் இருக்கும்: மைக்குக்கு ரோஸ், ஸ்பீக்கருக்குப் பச்சை, லைன்-இன் என்கிற இளநீலம். கேசட்டோ கிராமபோன் தட்டோ வானொலியோ, எதைப் பதிவதானாலும் அந்த நீலம்தான் வழி. இன்றைய லேப்டாப்பில் இருப்பது ஒற்றைத் துளை. ஹெட்செட்டுக்கென்று செய்தது. பாட்டு இரண்டு பக்கமும் வெளியே போகும்; உள்ளே வருவது மைக்கின் மோனோ மட்டும்தான். டேப் டெக் அனுப்புவது கால் வோல்ட், அரை வோல்ட். மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். வலுக்கட்டாயமாகச் செருகினால் பாட்டியின் குரல் கரகரவென்று உடைந்து வரும்.

அதோடு போனால் பரவாயில்லை. ஆபீஸ் மீட்டிங்குக்காகப் பல லேப்டாப்புகளுக்குள் இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்று எப்போதும் விழித்திருக்கிறது. மனிதப் பேச்சு எது, தெருச் சத்தம் எது என்று பிரிப்பது அதன் வேலை. ஆர்மோனியத்தையும் உடுக்கையையும் அது தெருச் சத்தத்தில் சேர்த்துவிடுகிறது. அதை அணைக்காமல் பதிந்தால் பாட்டு நடுநடுவே மூச்சு நின்று நின்று வரும். கேசட்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள்.

சர்ச்சுகளில் கீபோர்டு வாசிக்கிற பையன்களுக்குத் துளைகள் மறையும் இந்தக் கதை முன்பே தெரியும். கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மிடி முறை 1983-இல் வந்தது. அதன் வட்டமான ஐந்து முள் சாக்கெட் இன்றும் பல வாத்தியங்களின் முதுகில் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம்தான் கதவை மாற்றிக்கொண்டே இருந்தது. முதலில் சவுண்ட் கார்டின் பதினைந்து முள் கேம் போர்ட். அதை விண்டோஸ் விஸ்டா கைவிட்டது. பிறகு எட்டு, பத்து மைக்குகளை ஒரே நேரத்தில் பதிய ஃபயர்வயர் என்ற இணைப்பில் ஓடும் பெட்டிகள். அப்போது கொயர் ரெக்கார்டிங் செய்தவர்கள் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள். 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஃபயர்வயரும் இல்லை, லைன்-இன்னும் இல்லை. 2016-இல், ஹெட்ஃபோன் துளைக்குள் சிவப்பாக ஒளிரும் ஆப்டிகல் வெளியீடும் மேக்புக் ப்ரோவிலிருந்து போய்விட்டது. அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்கிச் சமாளித்தவர்களுக்கும் 2025-இல் வந்த மேக் ஓ.எஸ். டஹோ முற்றுப்புள்ளி வைத்தது. ஃபயர்வயர் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. லினக்ஸில் மட்டும் 2029 வரை ஆதரவு தொடரும் என்று அறிவிப்பு இருக்கிறது.

ஒரு பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். 2021 மேக்புக் ப்ரோவில் மெமரி கார்டு துளை திரும்பி வந்தது. போட்டோக்காரர்கள் போட்ட கூச்சல் அப்படி. ஒலிக்காரர்களுக்கு அவ்வளவு கூட்டமில்லை.

இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதா, யூ.எஸ்.பி.யில் ஒரு பெட்டியை மாட்டினால் பழைய நீலத் துளையைவிடச் சுத்தமாகவே பதியுமே என்பார்கள். பதியும்தான், சில ஆயிரம் செலவழித்தால். ஆனால் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் "லைன்-இன் வேணும்" என்று கேட்பவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது சில நூறு ரூபாய்க்கு விற்கும் விரல் அளவுக் குச்சி. அதில் இருக்கும் ரோஸ் துளையும் அதே மோனோ மைக்தான். வாங்கும்போதே கேளுங்கள்: ஸ்டீரியோவாக உள்ளே வாங்குமா? சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. சாக்கெட் இருக்கிறதா? இரண்டுமே இல்லையென்றால் காசு வீண்.

என்னை உறுத்துவது நேரம்தான். காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் 2025 வாக்கில் அரிதாகிவிடுவார்கள் என்று 2019-இலேயே யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பாளர்களும் எச்சரித்தார்கள். அவர்கள் மனதில் இருந்தவை பெரிய காப்பகங்கள். வீட்டுப் பரணுக்கு யார் எச்சரிக்கை விடுவது? அங்கே டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோகிறது, நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சு கழன்று விழுகிறது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. போதாக்குறைக்கு கேசட்டைத் தரம் கெடாமல் அவசரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழியில்லை. சி-90 என்றால் 90 நிமிஷமும் ஓடித்தான் தீரவேண்டும்.

இந்த ஊரின் பழைய தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்கு அச்சில் சாட்சி குறைவு. கன்னடமும் உருதும் ஆங்கிலமும் கலந்து, கண்டோன்மென்ட் பக்கத்துக்கே உரிய இழுவையோடு பேசிய தலைமுறையின் குரல் இந்த டப்பாக்களில்தான் இருக்கிறது. பாட்டை யாராவது திரும்பப் பாடிக்கொள்ளலாம். அந்தப் பேச்சைத் திரும்பப் பேச ஆளில்லை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதைச் சாக்கிட்டு ஆபீஸ்கள் கழித்துக்கட்டுகிற டெஸ்க்டாப்புகள் பலவற்றின் முதுகில் அந்த நீலத் துளை இன்னும் இருக்கிறது. பதிவு செய்ய இன்டர்நெட் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். ஒரு சர்ச் இளைஞர் குழுவோ கோயில் கமிட்டியோ அப்படி ஒரு டெஸ்க்டாப்பை வாங்கி, பக்கத்தில் ஒரு டேப் டெக்கையும் வைத்தால் தெருவுக்கே உதவும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதியுங்கள். எம்.பி.3 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேச்சு இருக்கிற கேசட்டை முதலில் எடுங்கள். லேபிள் இல்லாததை அதற்கும் முன்னால்.