எந்தத் தாத்தா என் தாத்தா?



எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு கலர் போட்டோ. 1979-ல் ஊர்த் திருவிழாவின்போது ஸ்டூடியோவில் எடுத்தது. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அதைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று இரண்டு கடைகளில் ஸ்கேன் பண்ணினேன். ஒன்றில் தாத்தா செக்கச்செவேல். இன்னொன்றில் வெளிறி, பச்சை பாய்ந்திருந்தார்.

அப்பத்தா இரண்டையும் பார்த்தார். "யாருடா இவங்க? உங்க தாத்தா நல்ல மாநிறமாச்சே! நம்ம வீட்டுல முதல்ல படிக்கப் போனவன் நீதான். ஏன் இப்படின்னு நீயே சொல்லு" என்றார். நூலகத்தில் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. கலர் படத்தைக் கழுவும்போது வெள்ளி நீக்கப்பட்டுவிடும். மிஞ்சுவது சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களே. இவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை. 1970-களின் தாள்கள் பலவற்றில், இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தாலும் சயான் மங்கிவிடும். சயான் குறைந்தால் சிவப்பு தூக்கலாகத் தெரியும். ஆக, முதல் கடை மெஷின் பொய் சொல்லவில்லை. தாள் இன்றைக்கு இருப்பதைக் காட்டியது, அவ்வளவுதான்.

இரண்டாவது கடையில் 'ஆட்டோ கலர்' ஆனில் இருந்தது. அந்த சாஃப்ட்வேருக்குத் தாத்தாவைத் தெரியுமா? சிவப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு, முகத்திலிருந்தும் உருவிவிட்டது.

மேலும் ஒவ்வொரு ஸ்கேனரின் விளக்கும் சென்சாரும் வேறு வேறு. லேபில் ஜீரோ அட்ஜஸ்ட் பண்ணாமல் மல்டிமீட்டரில் ஓம்ஸ் ரீடிங் எடுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். நிறம் அளந்து அச்சிட்ட அட்டையை வைத்து ஸ்கேனரையும் காலிபரேட் செய்ய வேண்டும்.

அடுத்தது தெளிவு. 4×6 அங்குலப் படம் 300 டி.பி.ஐ.யில் 1200×1800 புள்ளிகள், 600-ல் 2400×3600. ஜேபெக் கோப்பு நுணுக்கத்தில் கொஞ்சம் உதறிவிடும். டிஃப் கோப்பில் அந்த இழப்பு இல்லை.

மூன்றாம் முறை 600 டி.பி.ஐ., ஆட்டோ ஆஃப், டிஃப் என்று கேட்டு வாங்கினேன். நண்பனின் லேப்டாப்பை ஊருக்குக் கொண்டுபோய் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் கொஞ்சம் கறுப்பு... ம், போதும்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் காலிபரேஷன் அட்டை அப்பத்தாதான்!

நண்பர்களே, நிறம் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும்போதே ஸ்கேன் பண்ணிவிடுங்கள். ஒரிஜினலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!