ஓட்டை எண்ணினால் போதுமா?

இணையத்தில் ஒரு கருத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் ஆதரவு ஓட்டு. இன்னொன்றுக்கு 100 ஓட்டு. 95 ஆதரவு, 5 எதிர்ப்பு. எதை மேலே வைப்பது? சதவீதம் பார்த்தால் முதலாவதற்கு நூற்றுக்கு நூறு. சரி, ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்து மிச்சத்தைப் பார்க்கலாம் என்றால், காலையிலேயே எழுதியவர் நாள் முழுக்க ஓட்டு வாங்கிக் குவித்துவிடுவார்; மாலையில் வந்த நல்ல கருத்து அடியில் கிடக்கும்.

ரெடிட் தளம் 2009இல் இதற்கொரு வழி கண்டது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927இல் வெளியிட்ட சூத்திரம்தான் அது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை இந்தச் சூத்திரம் ஏற்பதில்லை. இன்னும் நாலு பருக்கை எடுத்துப் பார் என்கிறது. எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்தால் உண்மையான ஆதரவு எவ்வளவு குறைவாக இருக்கக்கூடும் என்று கணித்து, அந்தக் கீழெல்லையையே மதிப்பெண்ணாகத் தருகிறது. புள்ளியியலில் வழக்கமான 95 சதவீத நம்பக அளவில் கணக்கிட்டால், 1க்கு 1 வாங்கியதற்குச் சுமார் 21 சதவீதம்தான். 10க்கு 10 வாங்கியதற்கு 72. நூற்றில் 95 வாங்கியதற்கு 89. ஓட்டு கூடக்கூட நம்பிக்கையும் கூடுகிறது.

ஓட்டுப் போடுகிறவர் யார் என்பது அடுத்த கேள்வி. நிரலர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2008இல் தொடங்கியது. அங்கே ஒரு பதிலுக்கு ஆதரவு விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளி; எதிர்ப்பு விழுந்தால் 2 போகும். எதிர்ப்புப் போட்டவருக்கும் 1 புள்ளி நஷ்டம்! ஆத்திரத்தில் குத்தும் ஓட்டுக்கு இது கடிவாளம். ஆதரவு ஓட்டுப் போட 15 புள்ளியும் எதிர்ப்புக்கு 125 புள்ளியும் சேர்த்திருக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் விதி.

இவ்வளவுக்கும் பிடிபடாத ஒன்று உண்டு: முன்னவர் ஓட்டைப் பார்த்துப் பின்னவர் போடுவது. 2013இல் சயின்ஸ் இதழில் ஒரு சோதனை வெளியானது. ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றைக் கண்ணை மூடிப் பொறுக்கி, அவை வெளியானதுமே ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் ஆதரவு ஓட்டைச் சேர்த்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. வேறு சிலவற்றுக்குப் போட்ட பொய்யான எதிர்ப்பு ஓட்டைப் பின்வந்தவர்கள் ஆதரவு போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். பொய் ஆதரவை யாரும் திருத்தவில்லை.

அவரவர் தம் போக்கில் ஓட்டுப் போடுவதாக வைத்துக்கொண்டுதான் வில்சன் சூத்திரம் கணக்கிடுகிறது. அதைக் கொஞ்ச நேரமாவது மெய்யாக்க, புதுக் கருத்தின் மதிப்பெண்ணை முதலில் மறைத்துவைக்கும் வசதியை ரெடிட் தன் மட்டுறுத்துநர்களுக்குக் கொடுத்திருக்கிறது.